மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல: பழைய பம்பிங் ஸ்டேஷனில் அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்பது

விடியக்காலை நாலரை மணிக்குப் போன் அடித்தால், எடுப்பதற்கு முன்பே எனக்கு வாக்கியம் தெரியும். "சார், ரெண்டாம் நம்பர் ஓடிகினுதான் கீது. வெல் இறங்க மாட்டேங்குது." வெல் என்றால் சாக்கடைத் தண்ணீர் வந்து விழும் கிணறு; அதிலிருந்து ஏற்றி அனுப்புவதுதான் கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷனின் வேலை. ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர் என்று வடசென்னையிலேயே பம்பு ரிப்பேர் பார்த்துத் தலை நரைத்தவன் நான். இந்த ஒரு புகாருக்கு ஏழெட்டுக் காரணம் உண்டு. பாதிக்கு மேல் பம்புக்குச் சம்பந்தமே இருக்காது. ஆனால் மறுநாள் எழுதப்படும் கடிதத்தில் "பம்பு பழசாகிவிட்டது, பெரிய பம்பு தேவை" என்றுதான் இருக்கும்.

பம்பு வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எதனால் கெட்டது என்று தெரியாமல் வாங்காதீர்கள் என்கிறேன். கீழே உள்ளது புதிதாக வந்த ஆபரேட்டருக்கும், ஒப்பந்த சூப்பர்வைசருக்கும், முதல் போஸ்டிங்கில் திருதிருவென்று முழிக்கும் இன்ஜினியர் தம்பிக்கும்.

ஒரு விஷயம் முதலில். சென்னையின் பாதாளச் சாக்கடை 1910 வாக்கில் திட்டமிடப்பட்டது. 1961இல் ஊரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 114 லிட்டர் என்று கணக்கு. 1961 வந்தபோது மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருந்தது 17 லட்சத்துக்கு மேல். ஊரோ தட்டையான ஊர். சாக்கடை தானாக ஓடச் சரிவு கிடையாது. அதனால் ஒரு நிலையம் ஏற்றி விட, அது கொஞ்ச தூரம் ஓடி அடுத்த நிலையத்தின் கிணற்றில் விழ, அங்கிருந்து மறுபடி ஏற்றி, இப்படிக் கைமாற்றிக் கைமாற்றித்தான் வடசென்னைச் சாக்கடை கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையம் போய்ச் சேருகிறது. சங்கிலியில் எங்கே ஒரு கண்ணி மக்கர் பண்ணினாலும் அறிகுறி வேறொரு தெருவில் தெரியும். இதை மனசில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கையில் எடுக்கும் முன் பார்க்க வேண்டியது

ஸ்பேனரை எடுக்காதீர்கள். ஆம்ப்மீட்டரைப் பாருங்கள், டெலிவரி பிரஷர் கேஜை, அதாவது பம்பு தள்ளும் பக்கத்துப் பைப்பில் அழுத்தம் காட்டும் மீட்டரைப் பாருங்கள், கிணற்றின் மட்டத்தைப் பாருங்கள். கேஜ் பெரும்பாலான இடத்தில் உடைந்து முள் ஓரமாகப் படுத்திருக்கும், அல்லது கேஜே இருக்காது, ஓட்டையில் பிளக் அடித்திருப்பார்கள். நல்ல கேஜ் ஒன்றைப் பையிலேயே வைத்திருங்கள். விலை பெரிதில்லை, அது இல்லாமல் நீங்கள் சொல்வதெல்லாம் ஜோசியம்.

அடுத்து, பம்பு உண்மையில் எவ்வளவு தள்ளுகிறது என்று அளப்பது. ஃப்ளோமீட்டர் இல்லையே என்று கையைப் பிசைய வேண்டாம். கழிவுநீர் வந்து விழும் கிணறே அளவுப் பாத்திரம்தான். 3 மீட்டர் விட்டமுள்ள கிணறு என்றால் 10 சென்டிமீட்டருக்குச் சுமார் 707 லிட்டர். கயிற்றில் கனமான நட்டு ஒன்றைக் கட்டி, சாக்பீஸால் கோடு போட்டு, செல்போனில் ஸ்டாப்வாட்சை ஓட விடுங்கள். எல்லாப் பம்பையும் நிறுத்திவிட்டு நிமிஷத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிறகு ஒரே ஒரு பம்பை ஓட விடுங்கள். நிமிஷத்துக்கு 30 சென்டிமீட்டர் இறங்குகிறது. பம்பு தள்ளியது வருகிற தண்ணீரையும் சேர்த்து 42 சென்டிமீட்டர். அதாவது நிமிஷத்துக்கு 2,970 லிட்டர், விநாடிக்கு 49 லிட்டர். பெயர்ப்பலகையில் 60 என்று இருந்தால் 11 லிட்டரைக் காணோம். எங்கே போனது என்பதுதான் இனித் தேட வேண்டியது.

உதாரணத்துக்கு இந்த ஒரு நிலையத்தையே கடைசி வரை வைத்துக்கொள்கிறேன்: 25 ஹெச்.பி. மோட்டார், ஓடும்போது 32 ஆம்பியர், கேஜில் 1 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு), விநாடிக்கு 60 லிட்டர். 300 மி.மீ. வார்ப்பிரும்புப் பைப், 2 கிலோமீட்டர் நீளம்.

ஆம்பியர் குறைவு, கேஜும் குறைவு

32 ஓட வேண்டிய இடத்தில் 22. கேஜ் முள் அரைக் கிலோவைத் தாண்டவில்லை. பம்புக்குள் போதுமான தண்ணீர் வரவில்லை, அல்லது வந்ததை இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) பிடிக்கவில்லை.

முதலில் கிணற்றின் வாயில் உள்ள கம்பி வலை. துணி, நாப்கின், பால் கவர், தலைமுடி, இவை நாலும் சேர்ந்து திரித்த கயிறு. மார்க்கெட் பக்கத்து நிலையம் என்றால் வாழைமட்டையும் சாக்கும். வலையைச் சுத்தம் செய்த பிறகும் அப்படியே இருந்தால் பம்பின் உறிஞ்சு பக்கம். உலர் அறையில் நிற்கும் பழைய பம்பு என்றால் கிளாண்ட் வழியாக, அதாவது ஷாஃப்ட் உள்ளே நுழையும் இடத்தில் பேக்கிங் கயிறு சுற்றி அடைத்திருக்கும் மூடி வழியாக, காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். கிளாண்டிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். ஒரு சொட்டுகூட விழாத கிளாண்டைப் பார்த்து "லீக்கே இல்ல சார்" என்று பெருமைப்பட்டவர்கள் உண்டு. அங்கே பேக்கிங் கருகிக்கொண்டிருக்கும், அல்லது காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

மின் பக்கம் ஏதாவது வேலை நடந்திருந்தால் மட்டும் வேறு ஒன்று. கேபிள் ஜாயிண்ட் போட்டு ஃபேஸ் மாறிவிட்டால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். இப்படி இம்பெல்லர் சுழற்றித் தள்ளும் சென்ட்ரிஃப்யூகல் பம்பு எதிர்ப்பக்கம் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் தரும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வராது. ஒருமுறை மூன்று நாள் இப்படி ஓடியிருக்கிறது. நான் போய் இம்பெல்லரைக் கழற்றச் சொன்னேன். பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்த பழைய ஆபரேட்டர் அண்ணன், "தம்பி, கழட்டறதுக்கு மின்ன கப்ளிங் எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாரேன்" என்றார். இரண்டு ஒயரை மாற்றிப் போட்டதும் வேலை முடிந்தது. அன்றைக்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்ட வெட்கம் இன்னும் தீரவில்லை.

இத்தனையும் சரி என்றால்தான் தேய்மானம். இம்பெல்லருக்கும் உறைக்கும் நடுவே உள்ள வேர் ரிங் தேய்ந்து இடைவெளி கூடினால், தள்ளிய தண்ணீர் உள்ளுக்குள்ளேயே திரும்பிச் சுற்றும். மணல் ஏறும் நிலையத்தில் இது சீக்கிரம் வரும். ரிங் மாற்றினால் போதும். இதற்குப் போய்ப் புதுப் பம்பு கேட்பது, செருப்பு வார் அறுந்ததற்குக் காலை மாற்றுவது போல.

ஆம்பியர் குறைவு, கேஜ் அதிகம்

முள் 1.6 காட்டுகிறது, ஆம்பியர் குறைந்துவிட்டது. பம்பு நன்றாக இருக்கிறது. தண்ணீர் போக வழியில்லை. பாதி மூடிய வால்வு, ஸ்பிண்டில் திரும்பினாலும் உள்ளே கதவு கழன்று விழுந்த வால்வு, திறக்காமல் ஒட்டிக்கொண்ட ரிஃப்ளக்ஸ் வால்வு (தண்ணீரைத் திரும்பி வர விடாத ஒருவழிக் கதவு), அல்லது பைப்பில் மேடான இடத்தில் சிக்கிய காற்று.

கடைசியாகச் சொன்னதை யாரும் தேடுவதில்லை. காற்றை வெளியேற்ற ஏர் வால்வு வைத்திருப்பார்கள். அதன் குழிமூடி ரோட்டுக்குச் சமமாக இருக்கும். ரோடு போடுகிறவர் அதன் மேலேயே தாரைக் கொட்டிவிட்டுப் போவார். அடுத்த முறை இன்னொரு அடுக்கு. பத்து வருஷத்தில் அப்படி ஒரு வால்வு இருந்ததே யாருக்கும் நினைவிருக்காது. பழைய வரைபடம் கிடைத்தால் பாக்கியம். கிடைக்காவிட்டால் பைப் போகும் பாதையில் கடப்பாரையால் தட்டிக்கொண்டே நடங்கள். குழி இருக்கும் இடத்தில் சத்தம் வேறு மாதிரி கேட்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ரோட்டைக் குத்திக்கொண்டு நடப்பவனைப் பார்த்துப் போலீஸ் வண்டி நிற்கும், அதற்கும் தயாராகப் போங்கள்.

வழியில் ஒன்றும் இல்லையென்றால் பைப்பே உள்ளுக்குள் சுருங்கியிருக்கிறது. பழைய வார்ப்பிரும்புப் பைப்பின் உட்சுவரில் துரு கட்டி கட்டியாக வளரும். பைப்பின் வழவழப்பைக் குறிக்கும் சி மதிப்பு புதுப் பைப்புக்கு 130 என்றால், துருப்பிடித்ததற்கு 80க்கும் இறங்கும். கணக்குப் போட்டால் அதே தண்ணீரைத் தள்ள உராய்வு இழப்பு கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு.

ஆம்பியர் அதிகம், கேஜ் விழுந்துவிட்டது

இதற்கு யோசிக்காதீர்கள், பம்பை நிறுத்துங்கள். பம்பிங் மெயின், அதாவது பம்பு தண்ணீரைத் தள்ளும் பைப், எங்கோ உடைந்திருக்கிறது. எதிர்ப்பு குறைந்தால் மோட்டாருக்குச் சுமை குறையும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். சென்ட்ரிஃப்யூகல் பம்பில் தலைகீழ். எதிர்ப்பு போனதும் தண்ணீரை வாரி இறைக்கும், ஆம்பியர் ஏறும், அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே விழும். ரிலேவின் செட்டிங்கைக் கூட்டிவிட்டு மறுபடி ஓட்டுவது நம் ஆட்களின் பழக்கம். ரோட்டில் பள்ளம் விழுந்து ஆட்டோ இறங்கிய பிறகுதான் தெரியும்.

கேஜ் சரியாக இருந்து ஆம்பியர் மட்டும் அதிகம் என்றால் வேறு. துணி சுற்றிய இம்பெல்லர், இறுக்கிய கிளாண்ட், பேரிங், அல்லது குறைந்த வோல்டேஜ்.

நிறுத்தும்போது "டமார்" என்று சத்தம்

ஓடும்போது அமைதி, கரண்ட் போனதும் சுவரே அதிர்கிறது. பைப்பில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் திரும்பி ஓடி வந்து, தாமதமாக மூடிய ரிஃப்ளக்ஸ் வால்வில் மோதுகிறது. இரும்புப் பைப்பில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் சுமார் 100 மீட்டர் உயரத்துக்கு இணையான அழுத்தம் எழும், கிட்டத்தட்ட 10 கிலோ. கேஜில் 1 கிலோ பார்த்துப் பழகிய லைன் அது. ஈயம் அடித்த பழைய ஜாயிண்ட் எத்தனை தடவை தாங்கும்?

சத்தத்தோடு பம்பு எதிர்ப்பக்கம் வேறு சுற்றினால் வால்வு முழுக்க மூடவில்லை, நடுவில் துணியோ கல்லோ இருக்கிறது. அந்த நேரத்தில் கரண்ட் வந்து யாராவது ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் ஷாஃப்ட் முறியும். சுற்று நிற்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டுவிட்டோம், இனி இந்தத் தொல்லை இல்லை என்று ஒரு ஒப்பந்தக்காரர் எனக்கு உத்தரவாதம் கொடுத்தார். நாமாக நிறுத்தும்போது அது மெதுவாக நிறுத்தும், உண்மைதான். மின்சாரமே போய்விட்டால் அது எதைக் கொண்டு மெதுவாக நிறுத்தும்? சரியாக வேலை செய்யும் ஏர் வால்வு, தண்ணீர் திரும்பத் தொடங்கும் முன்பே மூடிவிடும் வகை ரிஃப்ளக்ஸ் வால்வு, நீளமான லைனுக்கு அழுத்தத் தொட்டி, இவைதான் மருந்து.

உள்ளே கூழாங்கல் உருளுவது போல் சத்தம்

கிணற்றின் மட்டத்தை அரை மீட்டர் ஏற விட்டுப் பாருங்கள். சத்தம் நின்றால் பம்பு மிகக் குறைந்த மட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மட்டம் இறங்கினால் பம்பை நிறுத்தும் மிதவை ஸ்விட்சை, அதாவது ஃப்ளோட்டை, உயர்த்துங்கள். நிற்காவிட்டால் டெலிவரி வால்வை இரண்டு சுற்று மூடுங்கள். இப்போது அடங்கினால், பம்பு தன் அளவுக்கு மீறித் தண்ணீர் தள்ளிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் அடங்காவிட்டால் உண்மையிலேயே உள்ளே கல் இருக்கிறது. அதுவும் நடந்திருக்கிறது.

அடிக்கடி ஸ்டார்ட் ஆகி நிற்கிறது

இங்கேதான் என் சொந்தத் தப்பைச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன அளவுகள் கொண்ட நிலையத்தில், பல வருஷம் முன்பு, மழைக்காலத்தில் கிணறு இறங்குவதில்லை என்று புகார். நான் அப்போது ஒரு ஒப்பந்தக்காரரிடம் சூப்பர்வைசர். பழைய கோப்பில் மொத்த உயரம் 16 மீட்டர் என்று இருந்தது: ஏற்ற வேண்டிய உயரம் 8, பைப்பின் உராய்வு 8. அதையே எடுத்து, 16 மீட்டரில் விநாடிக்கு 100 லிட்டர் தரும் 40 ஹெச்.பி. பம்புகளைச் சிபாரிசு செய்தேன். கேபிள், பேனல் எல்லாம் மாற்றினோம். பூசணிக்காய் உடைத்து ஓட்டினோம். எல்லோருக்கும் சந்தோஷம்.

நான் மறந்தது: உராய்வு 8 மீட்டர் என்பது 60 லிட்டருக்கு. அதே பைப்பில் 100 லிட்டர் போக வேண்டுமென்றால் உராய்வு 8 அல்ல, 20 மீட்டரைத் தாண்டும். அதற்கு 75 ஹெச்.பி.யே கேட்கும், தண்ணீர் ஒன்றேமுக்கால் மடங்குகூட இல்லை, சக்தி மட்டும் மூன்று மடங்கு. நாங்கள் போட்ட 40 ஹெச்.பி. எங்கே போய் நின்றது? சாக்பீஸும் ஸ்டாப்வாட்சும் வைத்து அளந்தபோது விநாடிக்கு 75 லிட்டர். காகிதத்தில் 100, கிணற்றில் 75.

அதோடு விட்டதா? இரண்டாவது வாரம் ஸ்டார்ட்டரின் கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரம் சேர்த்துப் பிரிக்கும் ஸ்விட்ச்) கருகியது. கிணற்றின் அடியில் மணல் படிந்திருந்ததால் ஆபரேட்டர்கள் கீழ் ஃப்ளோட்டை மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள். ஸ்டார்ட்டுக்கும் ஸ்டாப்புக்கும் இடையே 6 கனமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 3தான். வருகிற தண்ணீர் பம்பின் திறனில் சரிபாதி இருக்கும்போதுதான் ஸ்டார்ட் எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும். அப்போது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம், அந்தக் கொள்ளளவை நாலால் பெருக்கிப் பம்பின் வேகத்தால் வகுத்தால் வரும். 6 கனமீட்டர், 60 லிட்டர் என்றால் 400 விநாடி, மணிக்கு 9 தடவை ஸ்டார்ட். 3 கனமீட்டர், 75 லிட்டர் என்றால் 160 விநாடி, மணிக்கு 22 தடவை. எந்த மோட்டாரின் காயில் அதைத் தாங்கும்? மணலை அள்ளியிருந்தாலே பாதித் தொல்லை தீர்ந்திருக்கும். புதுப் பம்பு வந்துவிட்ட உற்சாகத்தில் அதை யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.

மூன்றாவது வாரம் பம்பிங் மெயினில் ஒரு ஜாயிண்ட் விட்டது. நாலாவது வாரம்தான் எனக்கு விளங்கியது. நம் தெருவில் சாக்கடை பொங்குவது நின்றுவிட்டது, ஆனால் நம் பைப் போய் விழும் மேன்ஹோலைச் சுற்றி மூன்று தெருவில் பொங்க ஆரம்பித்துவிட்டது. அங்கிருந்து போகும் சாய்வுக் குழாயும் அடுத்த நிலையமும் பழைய 60 லிட்டருக்கே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தவை. அந்தத் தெருப் பெண் ஒருவர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "உங்க வூட்டு சாக்கடைய எங்க வூட்டு வாசல்ல ஊத்தறதுக்கா புது மோட்டாரு?" பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் எனக்குத் தெரிந்தவரை, நவீனப்படுத்தல் பற்றி யாரும் இதைவிடச் சரியாகக் கேட்டதில்லை.

அதனால் என் வரிசை இது: கிணற்று மணல், வலை, வால்வுகள், பைப்பின் உட்சுவர், அடுத்த நிலையத்தின் திறன், அதற்கப்புறம் பம்பு. மாற்றுவதானால் சங்கிலியின் கடைசிக் கண்ணியிலிருந்து, அதாவது கொடுங்கையூர்ப் பக்கத்திலிருந்து பின்னோக்கி வர வேண்டும். பொங்குகிற தெருவிலிருந்து ஆரம்பித்தால் பொங்கலை அடுத்த தெருவுக்கு அனுப்புவோம்.

சாயங்காலமானால் ட்ரிப் ஆகிறது

பகலெல்லாம் ஓடி, ஏழு மணிக்கு மேல் விழுந்தால் வோல்டேஜைப் பாருங்கள். 415 இருக்க வேண்டியது 370க்கு இறங்கினால் அதே வேலைக்கு மோட்டார் எட்டில் ஒரு பங்கு அதிக ஆம்பியர் இழுக்கும். மூன்று ஃபேஸையும் தனித்தனியாக அளங்கள். ஒன்றுக்கொன்று சில வோல்ட்தானே வித்தியாசம் என்று விடாதீர்கள், வோல்டேஜில் 1 சதவீத ஏற்றத்தாழ்வு ஆம்பியரில் அதைப்போல் பல மடங்காகத் தெரியும். ஒரு ஃபேஸே போய்விட்டால் மோட்டார் உறுமும், மற்ற இரண்டில் ஆம்பியர் ஏறும். மோட்டாரை முதலில் குறைந்த சக்தியில் ஸ்டாரில் கிளப்பிப் பிறகு முழுச் சக்திக்கு டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் டைமர் செத்து ஸ்டாரிலேயே நின்றுவிட்டாலும் கிட்டத்தட்ட இதே கூத்துதான்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் என்றால் பேனலைத் திறந்து மோந்து பாருங்கள். கடற்காற்றின் உப்பும், கிணற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்ந்து செம்புக் கம்பியைக் கறுப்பாக்கிவிடும். கறுத்த இணைப்பு சூடாகும், சூடானால் இன்னும் கறுக்கும். பேனலைக் கிணற்றின் வாயருகே வைக்காமல் தனி அறையில், உயரமான மேடையில் வைப்பதுதான் தீர்வு. எவ்வளவு உயரம் என்று கேட்டால், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் உங்கள் தெருவில் எதுவரை நின்றது என்று எதிரிலுள்ள டீக்கடையில் கேளுங்கள். சுவரில் கோடே காட்டுவார்கள். அதற்கு மேல் ஒரு முழம்.

மழையில் மட்டும் கிணறு இறங்குவதில்லை

பம்பு அளவு சரியாக இருக்கிறது, எல்லாம் ஓடுகிறது, மட்டம் ஏறிக்கொண்டே போகிறது. பம்பில் குறையில்லை. தெருவில் தண்ணீர் தேங்கியதும் யாரோ கடப்பாரையால் மேன்ஹோல் மூடியைத் தூக்கி வைத்துவிடுகிறார்கள். மழைநீர் மணலோடு சேர்ந்து சாக்கடைக்குள் போகிறது. அவர்களைத் திட்டி என்ன பயன்? வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். மழைநீர் வடிகால் போய்ச் சேர வேண்டிய பக்கிங்காம் கால்வாயோ, கடல் ஏற்றத்தின்போது வாங்க மறுக்கிறது. மொட்டை மாடிக் குழாயைச் சாக்கடையில் இணைத்திருக்கும் வீடுகளைக் கோடையிலேயே கண்டுபிடித்துப் பிரிக்க வேண்டும். மழை விட்ட மறுவாரமே கிணற்று மணலை அள்ள வேண்டும்.

கிணற்றில் தண்ணீரே இல்லை, தெருவில் பொங்குகிறது

கிணற்றுக்கும் தெருவுக்கும் நடுவே அடைப்பு. மேன்ஹோல் மூடிகளைக் கிணற்றிலிருந்து பின்னோக்கித் திறந்துகொண்டே போங்கள். காலியான கடைசிக் குழிக்கும் நிரம்பிய முதல் குழிக்கும் இடையில் ஜெட் வண்டியை நிறுத்துங்கள். ஆளை இறக்காதீர்கள். பாதுகாப்பில்லாமல் இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக் கூடாத வேலை. அழுகிய முட்டை வாடை முதலில் குப்பென்று அடித்துப் பிறகு போய்விட்டால் வாயு போய்விட்டதாக அர்த்தமில்லை, 100 பி.பி.எம். தாண்டினால் மூக்கு மரத்துப்போகும். "வாடை இல்ல, எறங்கலாம்" என்று சொல்லி இறங்கியவர்களைத் தூக்கி வெளியே போட்டதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் எழுத எனக்கு மனசில்லை.

குழாயில் கறுப்பாக, நாற்றத்தோடு குடிநீர்

இது குடிநீர்ப் பக்கம், ஆனாலும் பம்போடு பிணைந்த சங்கதி. ஏழுகிணறு 1772இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணீர் கொடுத்த காலத்திலிருந்து வடசென்னைக்குத் தண்ணீர்க் கதைக்குக் குறைவில்லை. கீழ்ப்பாக்கம் நிலையம் 1914, புழல் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 30 கோடி லிட்டர், 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து 10 கோடி லிட்டர். தண்ணீர் புறப்படும்போது சுத்தமாகத்தான் புறப்படுகிறது. தெருக்கோடியில்தான் கெடுகிறது.

விநியோகம் நின்றதும் பைப் காலியாகும். அப்போது ஒவ்வொரு வீட்டு அடிபம்பும் அதை உறிஞ்சும். நிலத்தடி நீரை இறைக்கிற அடிபம்பைச் சொல்லவில்லை. வாசலில் மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியம்) லைனோடு கோத்த, கைப்பிடி தேய்ந்து பளபளக்கும் நம்ம ஊர் அடிபம்பு. உறிஞ்சினால் பைப்புக்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறையும். ஓட்டை ஜாயிண்ட் வழியாகப் பக்கத்தில் ஓடும் சாக்கடை உள்ளே வரும். லைனில் நேரடியாக மோட்டார் போட்டவர் வீட்டருகே இன்னும் மோசம்.

முதல் பத்து நிமிஷம் கறுப்பாக வந்து பிறகு தெளிந்தால், இடைவேளையில் உள்ளே வந்தது. கடைசி வரை நாறினால் பக்கத்திலேயே பெரிய உடைப்பு. குளோரின் சோதனைக் குப்பியை எடுத்து வீடு வீடாகப் போங்கள், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருந்தால் மஞ்சள் தெரியும். மஞ்சள் காட்டிய கடைசி வீட்டுக்கும் காட்டாத முதல் வீட்டுக்கும் நடுவே தோண்டுங்கள். "பிரஷர் பத்தல, பெரிய பம்பு போடுங்க" என்று கேட்பார்கள். ஓட்டையை அடைக்காமல் அழுத்தத்தைக் கூட்டினால் கசிவும் கூடவே கூடும். கூடுதல் தண்ணீர் மண்ணுக்குத்தான் போகும்.

எல்லாம் சரியாக ஓடுகிறது, கரண்ட் பில் மட்டும் ஏறுகிறது

இதை யாரும் பழுது என்று எண்ணுவதில்லை, போனும் வராது. ஒரு மணி நேரம் ஒரே பம்பை ஓட்டி மீட்டரைப் படியுங்கள். 18 யூனிட், விநாடிக்கு 60 லிட்டர் என்றால் மணிக்கு 216 கிலோலிட்டர், கிலோலிட்டருக்கு 0.083 யூனிட். ஆறு மாதம் கழித்து 20 யூனிட், 49 லிட்டர் என்று வந்தால் 0.113. அதே தண்ணீருக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் மின்சாரம். கேஜ் ஏறியிருந்தால் பைப், இறங்கியிருந்தால் பம்பு.

இந்த எண்ணைத் தேதியோடு பேனல் கதவின் உட்பக்கம் பெயிண்டால் எழுதி வையுங்கள். ரிஜிஸ்டரில் எழுதினால் ரிஜிஸ்டர் தொலையும்.